நரி முகத்தில் முழித்தவர்கள்

தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸை விட்டு, பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் சொந்த வீடு கட்டிக்கொண்டு நாங்கள் போனது எண்பதுகளின் கடைசியில். வீடு என்று சொல்ல அங்கே நாலைந்துதான் இருந்தன. மீதியெல்லாம் கல் நட்ட காலி மனைகள். அதற்கு அப்பால் ஏரி வரைக்கும் வேலிகாத்தான் முள்ளுக்காடு. சீமைக்கருவேலத்துக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். என் வேலியை அது ஒருநாளும் காத்ததில்லை. நரிகள் குடியிருந்ததே அதற்குள்தான்.

குவார்ட்டர்ஸில் சுவருக்குச் சுவர் ஆள் இருந்தது. மதுரைக்காரி, தஞ்சாவூர்க்காரி, நாகர்கோவில்காரி என்று, பேச இல்லாவிட்டாலும் சண்டை போடவாவது யாராவது கிடைப்பார்கள். இங்கே வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பி, பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்விட்டால் நானும் நாலு சுவரும்தான். அப்போது எனக்குத் துணை என்று இருந்தது ஒரு புள்ளிக்கோழி. குவார்ட்டர்ஸில் குஞ்சாக வாங்கி, அரிசிக் குருணை போட்டு நானே வளர்த்தது. நான் வாசல் பெருக்கினால் பின்னாலேயே வரும். துணி துவைத்தால் கல்லுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். சாம்பாரில் உப்பு கூடிப்போனதைக்கூட அதனிடம்தான் முதலில் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளும், எதிர்த்துப் பேசாது. எங்கள் வீட்டில் அந்தக் குணம் வேறு யாருக்கும் கிடையாது.

அதோடு இரண்டு வெள்ளைக் கோழிகளும் ஒரு சேவலும் இருந்தன. குடிபோன முதல் மழைக்காலத்திலேயே சேவலை நரி கொண்டுபோனது. கூடையைக் கவிழ்த்து மேலே அம்மிக்கல்லை வைத்திருந்தேன். காலையில் கல் ஒரு பக்கம், கூடை ஒரு பக்கம். வேலியோரம் கொஞ்சம் இறகு கிடந்தது. அவர் தொழிற்சாலையில் ஏலம் போட்ட பெட்டிப் பலகைகளை வாங்கி வந்து கூண்டு அடித்தார். அடித்ததெல்லாம் சரி, அடியில் மண் தரை. நரி பலகையை ஏன் கடிக்கப்போகிறது, மண்ணைத் தோண்டிக்கொண்டு உள்ளே போனது. ஒரு வெள்ளைக்கோழி போயிற்று. சுற்றிலும் செங்கல் பதித்தோம். செங்கல் பதித்த மறுவாரமே இன்னொன்றும் போயிற்று, அது பட்டப்பகலில் வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்தபோது.

காவலுக்கு என்று ஒரு நாயும் வளர்த்தோம். கறுப்பாய், பார்க்க வாட்டசாட்டமாய்த்தான் இருந்தது. தபால்காரரைக் கண்டால் தெருவே அதிரும்படி குரைக்கும். ஏரிப் பக்கம் நரி ஊளையிட்டால் மட்டும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், பிறகு சோறு காட்டினாலும் வெளியே வராது. கடைசியில் கோழியோடு நாயையும் சேர்த்துக் காப்பாற்றுவது என் வேலையாகிவிட்டது.

இருந்தது புள்ளிக்கோழி ஒன்றுதான். விடிவதற்கு முன் நரி வரும் நேரத்தில் நானே எழுந்து, பின்கதவுப் படியில் உட்கார்ந்து, ஒரு பழைய தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டத் தொடங்கினேன். அது நன்றாகவே வேலை செய்தது. நரி வேலி வரைக்கும் வந்து நிற்கும், தட்டுச் சத்தம் கேட்டதும் திரும்பிப் போய்விடும். அப்படியே விட்டிருந்தால் என் கோழி பிழைத்திருக்கும்.

பக்கத்து மனையில் ஒரு சைக்கிள் கடைக்காரர் குடும்பம். அந்தப் பக்கத்து ஆட்கள்தான். அவர் கடைக்குக் கரண்ட் இணைப்பு கேட்டு அலையாய் அலைந்துகொண்டிருந்தார். ஒருநாள் காலை கண்ணைத் திறந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார், எதிரே எங்கள் வேலியில் நரி. அன்று மத்தியானமே ஆள் வந்து கம்பத்தில் ஏறி இணைப்புக் கொடுத்துவிட்டான். மனிதர் சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"யக்கா, நரி மூஞ்சில முழிச்சேன்கா. அதான் கரண்ட்டு வந்துச்சு. இனிமே அத்த தொரத்தாத, இன்னா? மகாலட்சுமி மாதிரி ஊடு தேடி வந்துகினு கீது."

"என் கோழியைத் தேடி வருது அண்ணே," என்றேன்.

அவர் காதில் அது ஏறவே இல்லை. நரி முகத்தில் முழித்தால் யோகம் என்று யாரோ எந்தக் காலத்திலோ சொல்லிவைத்தார்களே, அவர்கள் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் நடந்திருப்பதே வேறு. ஒரே வாரத்தில் எங்கள் மனைப்பிரிவைத் தாண்டி ஊருக்குள்ளும் விஷயம் பரவிவிட்டது. விடியற்காலையில் எங்கள் கொல்லையின் பக்கவாட்டு மதில் ஓரம் ஆட்கள் வந்து நிற்கத் தொடங்கினார்கள். சும்மா வந்தாலும் பரவாயில்லை. முழிப்பது என்றால் தூங்கி எழுந்து முதலில் பார்க்கும் முகம் அதுவாக இருக்க வேண்டும் அல்லவா? அதனால் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு வந்தார்கள். பெண்டாட்டி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவாள். மதிலைத் தடவிப் பிடித்து நின்றுகொண்டு, "வந்துச்சா, வந்துச்சா?" என்று கேட்பார்கள். நரி வந்ததும் அவள் முதுகில் தட்டுவாள், இவர் துண்டை அவிழ்ப்பார். ஒருவர் அவசரத்தில் சீக்கிரமே அவிழ்த்து என் முகத்தில் முழித்துவிட்டார். அன்று பூரா அவர் சோர்ந்துபோய்த் திரிந்ததாகக் கேள்விப்பட்டு எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நான் தட்டை எடுத்தாலே "ஷ்ஷ்" என்பார்கள். என் வீட்டுக் கொல்லையில், என் கோழிக்காக நான் ஒரு தட்டைத் தட்ட ஊரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னேன். அங்கே இருந்தவர் சாவகாசமாக டீயைக் குடித்துவிட்டு, "தெரு நாயின்னா ஆள் அனுப்புவோம். நரிக்கெல்லாம் எங்ககிட்ட ஆள் இல்லம்மா," என்றார். எழுந்து வந்தேன். வாசல்படி வரைக்கும் பின்னாலேயே வந்தவர் குரலைத் தணித்து, "எத்தினி மணிக்கும்மா வரும்?" என்று கேட்டார். மறுநாள் மதில் ஓரம் நின்றவர்களில் அவரும் ஒருவர். துண்டு போதாதென்று மப்ளர் கட்டியிருந்தார்.

இந்த நிலையில்தான் புள்ளிக்கோழி அடையில் உட்கார்ந்தது. சேவல்தான் இல்லையே என்று, குவார்ட்டர்ஸ் சிநேகிதி ஒருத்தியிடம் கரு உள்ள முட்டைகள் வாங்கி வந்து அடை வைத்தேன். அடையில் உட்கார்ந்த கோழியை இடம் மாற்றினால் முட்டையை விட்டு எழுந்துவிடும், பிறகு உட்காராது. அதனால் வீட்டுக்குள் கொண்டுவரவும் வழியில்லை. கூண்டிலேயே, மணல் பரப்பிய கூடையில், இறகை விரித்துக்கொண்டு அது தன்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. நான் கிட்டே போனால் மட்டும் மெல்லிசாக ஒரு சத்தம் கொடுக்கும். பொரிக்கும் நாள் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போயிற்று. வயிற்றுப்பிள்ளைக்காரியைக் காட்டில் விட்டுவிட்டு வந்த மாதிரி மனசு அடித்துக்கொண்டது.

அந்த வாரம் பார்த்து அவருக்குப் பதவி உயர்வுக்கான டிரேடு டெஸ்ட். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் போனது. முந்தின நாள் சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நாளைக்கு ஒருநா மட்டும் தட்டைத் தட்டாதே."

"நீங்களுமா?"

"நம்பிக்கை இருக்கோ இல்லையோ, ஒருதரம் பாத்துட்டுப் போறேனே. பாத்த அடுத்த நிமிஷம் நானே கல்லெடுத்து விரட்டிடுறேன். போதுமா?"

போதாது என்று சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது, எனக்கும் வந்தது, பிள்ளைகள் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள். காலையில் எழுந்து பார்த்தால் தாம்பாளத்தைக் காணோம். கரண்டியையும் காணோம். பின்கதவில், கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் நிலையைப் பிடித்தபடி அவர் நின்றிருந்தார். அவரைத் தாண்டி நான் வெளியே போக இடமில்லை.

முந்தின நாள் பெய்த மழையில் செங்கலுக்கு அடியில் மண் இளகிப்போயிருந்தது. அவர் தோளுக்கு மேலே எக்கிப் பார்த்தேன். நரி கூண்டுக்குப் பின்னால் தோண்டிக்கொண்டிருந்தது. மதில் ஓரம் வரிசையாய்ச் சனம். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

"நகருங்க," என்று அவர் முதுகில் குத்தினேன்.

"வந்துருச்சா? எடுக்கட்டுமா?"

"நகருங்கன்னு சொல்றேன்."

"மூஞ்சி தெரியுதா? வாலைப் பாத்தா பலிக்காதாமே."

கோழி கத்தியது. ஒரே ஒரு தடவை. முட்டையை விட்டு எழுந்து ஓடியிருந்தால் தப்பித்திருக்குமோ என்னவோ, அது எழுந்திருக்கவில்லை. நான் அலறிய அலறலில் அவர் துண்டை இழுத்தார். நரி கூண்டைவிட்டு வெளியே வந்து நின்று, எங்கள் எல்லாரையும் நேராகப் பார்த்தது. அதன் வாயில் என் கோழி. மதில் பக்கம் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதன் பிறகுதான் அவர் கல்லை எடுத்தார். அதற்குள் நரி வேலியைத் தாண்டி முள்ளுக்குள் போய்விட்டிருந்தது.

கூடையில் முட்டைகள் சூடாகவே இருந்தன. பழைய கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு, அடையில் உட்கார்ந்த கோழி எங்கேயாவது இருக்கிறதா என்று வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எல்லாரும் பரிதாபப்பட்டார்கள். ஒருத்தி, "நீங்களும் அது மூஞ்சியப் பாத்தீங்க இல்ல? உங்களுக்கும் எதுனா நல்லது நடக்கும் பாருங்க," என்றாள். சாயங்காலத்துக்குள் முட்டைகள் ஆறிவிட்டன. முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன். ஒரு கோழிக்காக இப்படி அழுவாயா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன்.

அவர் டெஸ்டில் தேறிவிட்டார். மனிதர் மாதக்கணக்காக உட்கார்ந்து படித்ததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, அவர் உள்பட. எல்லாம் நரி கொடுத்தது என்றார்கள். நான்தான் கேசரி கிளறி வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நரி எங்கள் பக்கம் வரவில்லை. எங்களிடம்தான் கோழி இல்லையே. மதில் ஓரம் கூட்டமும் கரைந்துபோனது. கூண்டை அவர் பிரிக்கிறேன் என்றார், நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

தை பிறந்து ஒருநாள் சாயங்காலம், சைக்கிள் கடைக்காரர் மனைவி பின்வாசலுக்கு வந்தாள். கையில் ஒயர் கூடை. அவளுடைய மூத்த பெண்ணுக்கு வரன் தட்டிக்கொண்டே போவது எனக்குத் தெரியும். ஏற்கெனவே வந்து பார்த்தவர்கள் எல்லாரும் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றுதான் சொன்னார்கள். கூடையைப் படியில் வைத்துவிட்டு நின்றாள். உள்ளே கால் கட்டிய ஒரு சிவப்புக்கோழி.

"இன்னா இது?" என்று அவள் பாஷையிலேயே கேட்டேன்.

"நாளைக்குப் பொண்ணு பாக்க வராங்கக்கா. திருநின்றவூர் பையன். நல்ல எடம்." கூடையை என் பக்கம் நகர்த்தினாள். "எங்க ஊட்டாண்ட கட்டி வச்சிப் பாத்தேன், நரி வரல. உங்க கூண்டாண்டதான் அதுக்குப் பழக்கம். இன்னிக்கு ஒரு ராத்திரி உள்ள போட்டு வையிங்கக்கா. எம் பொண்ணு காலைல ஒருதரம் அது மூஞ்சியப் பாத்துட்டா போதும்."

அவளைத் திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவள் கண் கலங்கி நின்றாள். நரியை நான் விரட்ட முடியவில்லை, சரி. இவளை எதைத் தட்டி விரட்டுவது? முடியாது என்றால் நாளைக்கு வரன் தட்டிப்போனால் அதுவும் என் தலையில் விடியும். முடியும் என்றும் என் வாயில் வரவில்லை. அவள் என் கையைப் பிடித்து ஒருதரம் அழுத்திவிட்டு, கூடையை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

கொஞ்சம் குருணை போட்டுக் கோழியின் கால் கட்டை அவிழ்த்துவிட்டேன். வந்த வழியே ஓடிப்போகட்டும் என்றுதான் அவிழ்த்தேன். அது குருணையைக் கொத்தித் தின்றது, இருட்டிக்கொண்டு வருகிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு யாரும் சொல்லாமலே நடந்துபோய், திறந்து கிடந்த கூண்டுக்குள் நுழைந்து, அந்தப் பழைய கூடையில் உட்கார்ந்துகொண்டது.