மெஷின் என்று சொல்லப்பட்டவன்

எங்கள் ராக் பேண்டின் கிட்டார்காரனோடு நான் பேசி இரண்டு வருடமாகிறது. இனியும் பேசப்போவதில்லை. சமாதானத்துக்காக இதை எழுதவில்லை. நடந்தது ஓர் இடத்திலாவது நடந்தபடியே எழுத்தில் இருக்கட்டும்.

அவன் ராசா டவுனில் இருக்கிறான், பேங்க் ஆபீசர். பாட்டும் கிட்டாரும் அவன். நான் ட்ரம்ஸ். சுங்கை காடுட் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன், வீடு தம்பின் போகும் வழியில் ஒரு செம்பனைத் தோட்டத்தில். அங்கே மூடிக்கிடந்த பாலர் பள்ளி மண்டபத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி. சத்தம் என்று அங்கே யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். பதினொரு வருடம் இப்படியே போனது.

அப்போதுதான் அவனுக்கு ஜாஸ் ஆசை வந்தது. ராக்கில் ஜாஸ் கலந்து, தனிப்பாட்டாக ஒரு சிங்கிள். ஜப்பானில் ஒரு பெண் சாக்ஸபோன் வாசித்து அனுப்புவாள் என்றான். அனுப்பினாள். உண்மையைச் சொல்கிறேன், கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. அதற்கு ஈடாக நானும் ஏதாவது செய்தாக வேண்டும் என்று மூன்று மாதம் உழைத்தேன். குச்சியை வைத்துவிட்டுக் கம்பி பிரஷ் எடுத்தேன். ஏழு அடியில் ஒரு தாளம், நாலாவது சுற்றில் கொஞ்சம் முந்திப் போய்ப் பாட்டைத் தள்ளிவிடும். வேலை நேரத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஸ்டியரிங்கில்கூட விரலால் அதைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன். மண்டபத்தில் மைக் வைத்து டெமோ பதிந்து கொடுத்தோம்.

சிங்கிள் வெளியான அன்று தொழிற்சாலை கேன்டீனில் இயர்போனை மாட்டிக் கேட்டேன். தாளம் என்னுடையது, அடிக்கு அடி. ட்ரம்ஸ் வாசித்தது நான் இல்லை. கீழே பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். ட்ரம்ஸுக்கு நேராக ஒரு பிரேசில்காரன் பெயர். என் பெயர் நன்றி சொல்லும் இடத்தில் கிடந்தது.

உடனே அவனைக் கூப்பிட்டேன்.

"பேருள்ள ஆளு மச்சான். வெளிநாட்டு ரேடியோல போடணும்னா இப்படித்தான் லா. ஷோல நீதானே வாசிக்கப் போற, அப்புறம் என்னா?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"சொன்னா ஒத்துக்குவியா?"

போனை வைத்துவிட்டான். என் தாளத்தைத் திருடிவிட்டாய் என்று அந்தப் பிரேசில்காரனுக்குக் கோபமாக எழுதினேன். மறுநாள் காலையில் பதில் வந்தது. டெமோவில் இருப்பது கம்ப்யூட்டர் வாசித்தது, அதை அப்படியே நிஜ ட்ரம்ஸில் வாசித்துக் கொடு என்றுதான் கிட்டார்காரன் அவனிடம் சொல்லியிருக்கிறான். நாலாவது சுற்றில் எந்த மெஷினும் இப்படி முந்தாதே என்று அவன் இரண்டு முறை கேட்டிருக்கிறான். மெஷின்தான் என்று இரண்டு முறையும் பதில் போயிருக்கிறது. தெரிந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன், மன்னித்துவிடு என்று எழுதியிருந்தான். முகம் தெரியாதவன் காதில் நான் மனிதனாக விழுந்திருக்கிறேன்.

சிங்கிளின் அறிமுக நிகழ்ச்சி ராசாவில் ஒரு மண்டபத்தில். காலையிலேயே என் ட்ரம் செட்டை மேடையில் ஏற்றிவிட்டார்கள். நாலு மணிக்குப் போனேன். நேராக மேடையேறி சிம்பலைக் கழற்ற ஆரம்பித்தேன்.

அவன் ஓடி வந்தான். "என்னா செய்யிற? எங்க அப்பா அம்மால்லாம் வந்துருக்காங்க. ஷோ முடியட்டும், பேசிக்கலாம்."

"மெஷின்னுதானே சொன்ன? மெஷினையே வாசிக்கச் சொல்லு."

அவன் முகம் வெளுத்தது. என் பக்கம் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "எஸ்டேட்டு பாலர் பள்ளில ஒருத்தன் உக்காந்து அடிச்சதுன்னு சொல்லிருந்தா அந்த ஆளு வாசிச்சிருப்பானா லா?"

பதினொரு வருடம் அந்த மண்டபத்தில் என் வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்தவன் அவன். அடித்துவிடத்தான் கை எழுந்தது. அந்தக் கையால் ஸ்டாண்டை மடக்கினேன். எங்கள் பேண்டில் பேஸ் வாசிக்கும் மூன்றாமவன் பெரிய ட்ரம்மைத் தூக்கிவந்து நான் ஓட்டிவந்த வேனில் வைத்தான். வைத்துவிட்டு மேடைக்குத் திரும்பி, சாயங்காலம் அவனோடுதான் வாசித்தான். அதையும் நான் மறக்கவில்லை.

லேப்டாப்பில் ட்ரம்ஸைப் போட்டு நிகழ்ச்சியை ஒப்பேற்றினார்கள். மண்டபத்தின் கடைசியில் நின்று முழுதும் கேட்டேன். ஜனங்கள் நன்றாகவே கைதட்டினார்கள். ட்ரம்ஸ்காரன் எங்கே என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அவன் சொன்னதைவிட அதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது.

பிரேசில்காரன் தன் இணையப் பக்கத்தில் உண்மையை எழுதி என் பெயரைப் போட்டான். சிங்கிளின் பெயர்ப் பட்டியலில் இன்னும் மாற்றவில்லை. சேர்ந்து ஒரு பாட்டுச் செய்யலாமா என்று அவன் கேட்கிறான். நான் பதில் எழுதவில்லை. யாரோடும் சேர்ந்து வாசிக்க இப்போது மனம் வரவில்லை.

போன வாரம் ராசாவில் ஒரு கடை வாசலில் கிட்டார்காரனைப் பார்த்தேன். கையைத் தூக்கிச் சிரித்தான். மேலே போன கை என்ன செய்வதென்று தெரியாமல் கீழே இறங்கும்வரை அவனையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.