பாதத்துச் சுரணை

என் வீட்டுக்காரர் காலை நீட்டி உட்கார்ந்து கம்மங்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். குதிகாலில் கறுப்பாக என்னவோ தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் வேலிக்கருவேல முள், முக்கால்வாசி உள்ளே. பிடுங்கினேன். ரத்தமும் சீழும் வந்தன. மனுசன் கஞ்சி உறிஞ்சுவதை நிறுத்தவில்லை.

“வலிக்கலையாங்க?”

“எது?” என்றார்.

ரொம்ப வருசமாக அவருக்குச் சர்க்கரை. மறுநாள் முதல் பஸ்ஸில் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா என் பேத்தி வயசுப் பிள்ளை. புண்ணைத் துடைத்துக் கட்டிவிட்டு, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நூலை எடுத்தது. “கண்ண மூடிக்கங்கய்யா. பாதத்துல தொடுறப்பல்லாம் சொல்லுங்க.”

தொட்டது. “ஆமா” என்றார். இன்னோர் இடம். “ஆமா தாயி.” ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்தப் பிள்ளைக்கே ஆச்சரியம்.

நாற்பத்தைந்து வருசம் கூட வாழ்ந்தவளிடம் அவர் தில்லுமுல்லு நடக்குமா? இமையோரம் ஒரு கீற்றுத் திறந்திருந்தது. என் முந்தானையை மடித்து அவர் கண்ணைப் பொத்தினேன்.

நூல் பெருவிரலைத் தொட்டது, குதிகாலைத் தொட்டது, நடுப்பாதத்தைத் தொட்டது. “இன்னும் ஆரம்பிக்கலையா?” என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்க முந்தானை இல்லை, அவர் கண்ணில் இருந்தது.

“பாதத்துல சுரணையே இல்லைங்கய்யா” என்றது டாக்டரம்மா.

அவ்வளவுதான், எழுந்து நின்றுவிட்டார். “யாரப் பாத்துச் சுரணை இல்லேங்கிற? பஞ்சத்துலகூட ஒருத்தன் வாசல்ல போயி நிக்காதவன் நானு!”

எங்கள் பக்கம் சுரணை என்றால் தொட்டால் தெரிவதும்தான், மானரோசமும்தான். அந்தச் சொல்லுக்காக வெட்டுக்குத்தே நடந்திருக்கிறது.

“அவுக ஒங்கள வையல, ஒங்க காலத்தான் சொல்றாக. உக்காருங்க” என்றேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டுச் சொன்னது. சூடான சட்டியைத் தொட்டால், நாம் நினைக்கிறதுக்கு முன்னாலே கை பின்னுக்கு வருகிறது. தூசி பறந்து வந்தால் இமை தானாக மூடுகிறது. நரம்பு அத்தனை வேகமாகச் சேதி கொண்டு போகிறது. இவருடைய பாதத்திலிருந்து சேதி போகவில்லை. புண் வந்தாலும் தெரியாது, முற்றினால் காலையே எடுக்க வேண்டிவரும்.

“இனிமே காலோட வேலையையும் கண்ணுதான் பாக்கணும். தெனமும் பாதத்தப் பாருங்க. செருப்பில்லாம ஒரு எட்டு வைக்கக் கூடாது.”

செருப்பு வாங்கினோம். பஸ்ஸில் போட்டார், தெருவில் போட்டார். எங்கள் பருத்திக்காடு வந்ததும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

“வெதச்ச மண்ணுல செருப்புக்காலா? வெளங்குமா?”

“காலு போச்சுன்னா எந்த மண்ண மிதிப்பீக?”

அசையவில்லை. அந்தக் காட்டில் நானும் ஒருநாளும் செருப்போடு இறங்கினவள் இல்லை. அன்றைக்கு இறங்கினேன். உடம்பெல்லாம் கூசியது. நடுக்காடு வரைக்கும் விடுவிடுவென்று நடந்து திரும்பி நின்றேன்.

“பாவம் எனக்கே வரட்டும். நீங்க வாங்க!”

வரப்பில் நின்றபடியே செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்தார். நுழைந்ததா என்று குனிந்து கண்ணால் பார்த்துக்கொண்டார். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு அந்த மண்ணிடமே முறையிட்டார்:

“மொதல்ல மிதிச்சவ இவதான். என்னயச் சொல்லாத.”