பெரியப்பாவின் அளவில் ஒரு கார்

கண்ணாடி நாரை ஒட்டும் ரெசின் பசையின் மணம் மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் முழங்கை சுணைக்கத் தொடங்கிவிடும். சுவிட்சர்லாந்தின் சோலோதுர்னில் எங்கள் மாடிக் குடியிருப்பின் பின்புறம் தகரக் கதவு போட்ட கராச்சுகள் வரிசையாக இருந்தன. அவற்றில் கடைசியானதில்தான், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, இங்கிலாந்திலிருந்து மூன்று மரப்பெட்டிகளில் வந்து இறங்கிய ஒரு காரை அப்பா தன் கையாலேயே பூட்டத் தொடங்கினார். அடிச்சட்டம், சில்லு, எஞ்சின், தொட்டாலே சுணைக்கும் கண்ணாடி நாரில் வார்த்த உடல் என்று எல்லாம் தனித்தனியாக வரும், நாங்கள்தான் பொருத்தி எடுக்கவேண்டும். 'கிட் கார்' என்பார்கள். கூரை கிடையாது, இருக்கை இரண்டே இரண்டு, ஸ்டியரிங் ஊரில் போல வலப்பக்கம். "மூண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு ரெண்டு சீற்றுக் காரோ? உங்களுக்கென்ன விசரோ?" என்று அம்மா கேட்டார். அப்பா நட்டுகளைத் தரம் பிரித்து வெறும் யோகட் டப்பாக்களில் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த இருக்கைகள் யார் யாருக்கு என்று அம்மாவுக்குத் தெரியாமலில்லை. அப்பா இங்கே முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்தார். ஆனால் யாழ்ப்பாணத்தில் தன் தமையனோடு, அதாவது என் பெரியப்பாவோடு, கார் திருத்தும் கராச் வைத்திருந்தவர். "டேய், ஒருநாளைக்கு நாங்களே ஒரு கார் செய்வம். நான் ஓடுறன், நீ பக்கத்தில இரு" என்று பெரியப்பா அடிக்கடி சொல்லுவாராம். யுத்தத்தின் கடைசி மாதங்களில் அவர் காணாமல் போனார். உடலும் இல்லை, ஒரு தகவலும் இல்லை. ஆகவே எங்கள் வீட்டில் அவருடைய படத்துக்கு மாலை கிடையாது, திவசம் கிடையாது, அவர் இல்லை என்கிற பேச்சே கிடையாது. தப்பித்தவறி யாராவது வந்தவர்கள் அப்படிக் கதைத்துவிட்டால் அப்பா எழுந்து பல்கனிக்குப் போய்விடுவார்.

இந்த வகைக் காரில் ஓட்டுபவரின் இருக்கையை அவரவர் உடம்பு அளவுக்குத்தான் தரையில் துளைபோட்டுப் பூட்டவேண்டும், பிறகு முன்னே பின்னே அசையாது. ஒரு சனிக்கிழமை அப்பா ஊருக்குப் போன் எடுத்து, "அண்ணி, அண்ணையின்ர களுசான் ஒண்டை எடுத்து இடுப்பிலயிருந்து கணுக்கால் மட்டும் அளந்து சொல்லுங்கோ" என்று பெரியம்மாவிடம் கேட்டார். அலுமாரிக் கதவு கிறீச்சிடுவது எங்களுக்கும் கேட்டது. "நாப்பத்திமூண்டு அங்குலம், தம்பி. கரையை அவிட்டுவிட்டா இன்னும் ஒரு அங்குலம் வரும்" என்ற பெரியம்மாவின் குரலில், தீபாவளிக்குத் துணி எடுக்கிறவரின் சந்தோஷம் இருந்தது. அப்பாவோ கட்டை மனிதர். அந்த அளவில் பூட்டிய இருக்கையில் அவர் சாய்ந்து இருந்தால் கால் க்ளச்சைத் தொடவே தொடாது. "அண்ணை வந்து ஓடட்டும்" என்றார். கராச்சுக்குக் கொண்டுவந்த தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு அம்மா மேலே வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சத்தம் போட்டால் அயலவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் வேலை எல்லாம் சனி மத்தியானங்களில்தான். ஒன்றரை வருடம் நடந்தது. அப்பா காருக்கு அடியில் படுத்துக்கொண்டு, "அண்ணை, இதை ஒருக்காப் பிடியுங்கோ" என்பார். சொல்லிவிட்டுத் தானே மற்றக் கையை நீட்டிப் பிடிப்பார். ஆளில்லாத அந்த ஓட்டுநர் இருக்கைக்கு எப்போதும் பாதுகாப்புப் பட்டி போட்டிருக்கும். உடுப்புத் தோய்க்கும் அறைக்கு அந்தக் கராச்சைத் தாண்டித்தான் போகவேண்டும், நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நடப்பேன். ஒருமுறை பார்த்தும்விட்டேன்: யாரோ இருந்து எழும்பினதுபோல மெத்தை பதிந்து கிடந்தது. அப்பாவின் ஸ்பானர் பெட்டி வைத்த தடமாக இருக்கலாம். சத்தியமாகச் சொல்கிறேன், உடுப்புக் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தேன்.

கடைசியில் காரை வாகனப் பரிசோதனைக்குக் கொண்டுபோகும் நாள் வந்தது. இழுவை வண்டி வைத்திருந்த ஒரு கூட்டாளி ஏற்றிக்கொண்டு போனார். மொழிபெயர்க்க என்னையும் கூட்டிப் போனார்கள். சமையலறை ஜெர்மன் அப்பாவுக்குச் சரளம், ஆனால் கந்தோர் அதிகாரிகளைக் கண்டால் நா எழும்பாது. உள்ளே ஓட்டிக் காட்டவேண்டுமே என்று அம்மாவின் சோபா மெத்தைகள் இரண்டை முதுகுக்குப் பின்னால் அடைத்துக்கொண்டு அப்பா ஏறி இருந்தார். பரிசோதகர் சிரித்துக்கொண்டே அவற்றை உருவி எடுத்தார். அப்பாவின் கால் அந்தரத்தில் நின்றது.

இருக்கையை ஏன் முன்னுக்குப் பூட்டவில்லை என்று அவர் கேட்டார். அப்பா என்னைப் பார்த்து, "சொல்லு பிள்ளை, இது அண்ணையின்ர இடமெண்டு" என்றார். சொன்னேன். "நல்லது, அப்படியென்றால் அவரே வந்து ஓட்டட்டும். எப்போது வருவார்?" என்றார் அந்த மனிதர், நல்ல மாதிரியாகத்தான். "வருவார் எண்டு சொல்லு" என்றார் அப்பா. எப்போது என்று பரிசோதகர் மறுபடியும் கேட்டார், எழுதுவதற்குப் பேனையைத் திறந்துகொண்டு. எங்களுக்குப் பின்னால் வண்டிகள் வரிசையில் நின்றன. எனக்கு வெட்கமாக இருந்தது. மெத்தையும் காலும் இந்தக் கதையும் எல்லாமே வெட்கமாக இருந்தது. எப்படியாவது முடிந்தால் போதும் என்று, பெரியப்பா செத்துப்போய்விட்டார் என ஜெர்மனில் சொல்லிவிட்டேன்.

வேறெந்தச் சொல் தெரியாவிட்டாலும் அந்தச் சொல் அப்பாவுக்குத் தெரியும். முதியோர் இல்லத்துச் சமையலறையில் காலையில் ஒரு தட்டைக் குறைக்கச் சொல்லும்போது தாதிமார் சொல்லுகிற சொல் அதுதான். அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பரிசோதகர் பேனையை மூடிவிட்டு, இந்த ஊர் முறைப்படி, துக்கம் தெரிவித்துக் கையை நீட்டினார். பிடிக்காதேயுங்கோ அப்பா, என்று எனக்குக் கத்தவேண்டும்போல் வந்தது. அப்பா அந்தக் கையைப் பிடித்து, "டாங்கே" என்று நன்றி சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை அப்பா இருக்கையைக் கழற்றித் தன் அளவுக்குப் புதுத் துளைகள் போட்டார். கார் பரிசோதனையில் தேறியது, இலக்கத் தகடும் வந்தது. அப்பா ஓட்டுநர் இடத்தில் இருக்கிற படத்தை நான் எடுத்தேன், அம்மா ஊருக்கு அனுப்பினார். பெரியம்மா போன் எடுத்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, சீற்றை முன்னுக்கு எடுத்துப் பூட்டினீங்களோ?" அப்பா, "ஓம் அண்ணி" என்றார். "அப்ப சரி" என்று பெரியம்மா போனை வைத்துவிட்டார். பிறகு யாருடையதோ கலியாண வீட்டுப் படமொன்று வந்தது. பெரியம்மா பின்வரிசையில் நின்றார், நெற்றியில் பொட்டு இல்லாமல்.

அந்தக் கராச்சுகளை இடித்துச் சைக்கிள் நிறுத்தக் கொட்டகை போட்டுவிட்டார்கள். காரைப் பேர்ண் பக்கத்தில் யாரோ வாங்கிக்கொண்டு போனார். அப்பா வேலையிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டார், வருடத்துக்கொருமுறை தமையனுக்குத் திவசம் கொடுக்கிறார், மரக்கறிச் சாப்பாட்டுக்கு நானும் போகிறேன். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை அவர் கேட்கவில்லை. எனக்கு யாராவது சொல்லித் தெரிந்திருக்கும், பிள்ளையிடம் ஏதோ தகவல் வந்திருக்கும் என்றுகூட அவர் நினைத்திருக்கலாம். எனக்கு ஒன்றும் தெரியாது. பெரியப்பா இறந்துவிட்டார் என்று எந்த அரசாங்கமும் எந்த மனிதரும் எங்களுக்கு இதுவரை அறிவித்ததில்லை. அறிவித்தவள் நான் ஒருத்திதான்.