ஒயின் பாட்டிலில் சீரகத் தண்ணீர்

நாங்கள் சிவகாசியை ஒட்டிய திருத்தங்கலில் லேபிள் அச்சகம் நடத்துகிறோம். மெஷின் என் வீட்டுக்காரர் பொறுப்பு. ஆர்டர் பிடிப்பதும் சண்டை போடுவதும் நான். வெடிப் பெட்டி, தீப்பெட்டி, ஊறுகாய் பாட்டில் என்று அடித்துக்கொண்டிருந்த எங்களிடம் போன வருஷம் நாசிக்கிலிருந்து ஓர் ஒயின்காரர் வந்து மாட்டினார். கோயம்புத்தூர்க்காரர்தான். நாசிக்கில் சின்னதாகத் திராட்சைத் தோட்டம் போட்டு, துளி இனிப்பும் இல்லாத வெள்ளை ஒயின் மட்டும் செய்கிறவர்.

"வெயில் ஏறுறதுக்குள்ள பழத்தைப் பறிச்சிருவோங்க. அந்தக் குளிர்ச்சி லேபிள்ல தெரியோணுங்க" என்பார். லேபிளில் எங்கிருந்துய்யா குளிர்ச்சி தெரியும்? ஆனால் படம் வரைகிற என் மகளுக்கு அது புரிந்தது. வெள்ளைத் தாள், ஓரத்தில் பச்சையாக ஒற்றைக் கொடி, அவ்வளவுதான். சிவகாசிக் கண்ணுக்கு அது பாதியில் மெஷின் நின்றுபோன தாள் மாதிரி இருந்தது. அவருக்கோ பார்த்ததும் பிடித்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது இம்சை. ஐஸ் வாளியில் ஊறினாலும் ஓரம் தூக்கக் கூடாதாம். ஒயினின் வெளிர் மஞ்சளுக்கு முன்னால் பச்சை மை கறுக்கக் கூடாதாம். தாள் சரியில்லை, பசை சரியில்லை என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். எங்களுக்குக் காலண்டர் சீசன் வேறு. போன் அடித்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

"ஒரு பாட்டில் ஒயின் அனுப்பட்டுங்களா? ஒட்டி வச்சுப் பாத்துக்கலாம்" என்றார் ஒரு நாள்.

"யா அல்லா, வேணவே வேணாம்! காலிப் பாட்டிலா அனுப்புங்க" என்று கத்தினேன். லேபிள் அடிப்பதற்கே என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

காலிப் பாட்டில் வந்தது. மகள் சீரகத் தண்ணீர் கொதிக்க வைத்து, வடிகட்டி அதில் ஊற்றினாள். நிறம் அச்சு அசலாக அதேதான். லேபிளை ஒட்டி எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

மறுநாள் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். விருதுநகரில் வத்தல் மொத்த வியாபாரம் செய்கிற குடும்பம். வந்த வரன்களிலேயே அவள் வாய்விட்டுச் சரி என்று சொன்னது இந்த மாப்பிள்ளையைத்தான். போனில் அவரோடு சிரித்துச் சிரித்துப் பேசுவாள். இது நல்லபடியாக முடிய வேண்டுமே என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக அலைந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தார். நான் டம்ளர் எடுப்பதற்குள் ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டார்.

"அல்லாவே! என்னது இது?"

"சீரகத் தண்ணி மதினி. லேபிள் நிக்கிதான்னு பாக்கோம்" என்று உளறினேன். சொன்ன எனக்கே பொய் மாதிரி இருந்தது. மகள் ஓடிவந்து மூடியைத் திருகி நீட்டினாள். அவர் மோந்து பார்த்தார்.

"அட, சீரகந்தான்!"

போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. அவர் பாட்டிலைக் கூடத்துக்கே எடுத்துப்போய்க் கதையைச் சொல்ல, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"படம் எம்புட்டு அழகா இருக்கு! யாரு வரைஞ்சா?" என்றார்.

"நாந்தான் மாமி."

அவர் சிரிப்பு நின்றது.

"நீயா? ஒயினுக்கா வரையுற? கல்யாணத்துக்கப்புறம் இந்தச் சோலியெல்லாம் வேணாம்மா. ஒயினுக்குன்னு இல்ல, எதுக்குமே வரைய வேணாம். வீட்ல இருந்தாப் போதும்."

ஒயின் வேண்டாம் என்றது எனக்குப் புரிந்தது. வரையவே வேண்டாமாமே! நாக்கு நுனி வரை வந்ததை, அவள் வாழ்க்கையாயிற்றே என்று விழுங்கினேன். மகள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த சமோசாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுங்க மாமி, சூடாயிரும்" என்று பாட்டிலை வாங்கிக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று அவர்கள் கிளம்பினார்கள். நான் அடுப்படிக்கு வந்தேன். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தபடி அவள் எனக்கு முதுகு காட்டி நின்றாள். "லேபிள் நல்லா ஒட்டியிருக்கா?" என்றேன்.

"அவரு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்லம்மா" என்றாள்.