ஒழுகிய மதகும் நாலரை வருஷ எம்.எல்.ஏ.வும்

எம்.எல்.ஏ. வேலைக்குப் படிப்பு, பரீட்சை, முன்அனுபவம் எதுவும் வேண்டாம். நெடுநேரம் சும்மா உட்காரத் தெரிந்தால் போதும், ஏர் ஓட்டியவனுக்கு அதுதான் வராது. எண்பதுகளில் நாலரை வருஷம் அந்த வேலையில் இருந்தேன். மனுவும் கையுமாக ஆபீஸ் வராந்தாவில் கால் கடுக்க நின்ற அன்பர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். நீங்கள் நின்றுகொண்டு பட்டதை நான் நாற்காலியில் உட்கார்ந்து பட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

சட்டை அளவு

ஜெயித்த மறுநாள் திருவண்ணாமலையில் தையற்கடை ரஹீம் பாயிடம் போனேன். அதுவரை என்னிடம் இருந்தது ஒரே ஒரு வெள்ளைச் சட்டை, அதுவும் கல்யாணங்களுக்கு மட்டும். நாலு சட்டை தைக்கச் சொன்னேன். பாய் டேப்பில் ஓர் அளவு பார்த்தார், நோட்டில் வேறு அளவு எழுதினார். "என்ன பாய், ரெண்டு இஞ்ச் ஜாஸ்தியா எழுதறீங்க?" என்று கேட்டேன். பாய் தலையை நிமிர்த்தவே இல்லை.

"வயித்துப் பக்கம் துணிய உள்ள மடிச்சு வெக்கிறேங்க. உங்களுக்கு முன்னாடி இருந்தவரு ஆறே மாசத்துல பிரிச்சு விடச் சொல்லி வந்துட்டாரு."

மம்பட்டியைக் கீழே போட்டது

எங்கள் ஊர் அடி அண்ணாமலைக்கு அந்தப் பக்கம். ஊர் வயல்கள் மொத்தமும் ஓர் ஏரியை நம்பியவை, என்னுடைய ஒன்றரை ஏக்கர் உட்பட. தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் மதகு பழையது, மூடினாலும் ஒழுகும். ஆகவே வருஷாவருஷம் கோடையில் ஏரி வற்றியதும் தண்டோரா போடுவார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் மம்பட்டியோடு வந்து, களிமண்ணையும் வைக்கோலையும் மிதித்துக் குழைத்து மதகைச் சுற்றி அடைப்பார்கள். ஒரு மழைக்காலம் தாங்கும். அடுத்த கோடையில் மறுபடி தண்டோரா.

அந்த வருஷமும் எல்லோரும் வந்தார்கள். நான் புதுச் சட்டையோடு கரைமேல் ஏறி நின்றேன். "நம்ம ஊர் ஆளு கோட்டையில இருக்கும்போது நீங்க மண்ணு மிதிக்கிறதா? மம்பட்டியக் கீழ போடுங்க! சர்க்காரே சிமெண்டுல கட்டிக் குடுக்கும்" என்று முழங்கினேன். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். என் மனைவி குப்பம்மாள் மட்டும் கைதட்டவில்லை. மத்தியானம் சோறு போடும்போது கேட்டாள்:

"மழை வந்தா மதகுல எத வெச்சு அடைப்பாங்க? உங்க பேச்சையா?"

மேஜை தட்டினார்கள்

சட்டசபையில் என் முதல் பேச்சே மதகுதான். மூன்று நாள் ஒத்திகை பார்த்திருந்தேன். முடித்ததும் சபையில் படபடவென்று மேஜை தட்டினார்கள். மதகு கட்டி முடிந்துவிட்டது போல எனக்கு மார்பு நிமிர்ந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் இரண்டு தடவை ஜெயித்து வந்த பழைய ஆள், அவரும் விவசாயிதான். என் காதருகே குனிந்தார்.

"நல்லா பேசுனீங்க. நானும் வந்த புதுசுல மதகப் பத்திதான் பேசினேன். எங்க ஊர் மதகு இன்னும் ஒழுகுது, பேச்சு மட்டும் அச்சுல பத்திரமா இருக்குது."

இன்ஜினியர் வந்தார், வந்தார்

பேச்சுக்குப் பலன் இல்லாமல் இல்லை. கார்த்திகையில் ஜீப்பில் ஓர் இன்ஜினியர் வந்தார். ஏரி நிறைந்திருந்தது. "மதகு தண்ணிக்குள்ள இருக்குதுங்க. வெளிய தெரியாததப் பழுதுன்னு எப்படி எழுதறது? கோடையில வரேன்" என்றார். சொன்ன சொல் தவறாமல் சித்திரையில் வந்தார். ஏரி பொட்டல் காடாகக் கிடந்தது; மதகு முழுசாகத் தெரிந்தது. இப்படியே இரண்டு மழை, இரண்டு கோடை. இதற்கு நடுவில் ஊர்க்காரர்கள் பழையபடி களிமண்ணோடு கிளம்பியபோது, பரிசீலனையில் இருக்கிற மதகில் யாரும் கை வைக்கக் கூடாது என்று இன்ஜினியர் தடுத்துவிட்டார். நானும் தலையாட்டினேன். இதற்குள் பாய் மடித்துவைத்த இரண்டு இஞ்ச் துணியையும் பிரித்து விட்டாயிற்று, ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது கோடையில் பொறுக்க முடியாமல், "இப்பவாவது எழுதுங்க சார், ஒழுகுதுன்னு" என்று கெஞ்சினேன். அவருக்கு என்மேல் இரக்கம்கூட வந்தது.

"சொட்டுத் தண்ணி இல்லாத ஏரியில ஒழுகுதுன்னு எழுதினா, மேல இருக்கிறவங்க என்னைப் பைத்தியம்னு சொல்வாங்க சார்."

தனபால் மாட்டை அவிழ்த்துவிட்டார்

மூன்றாவது மழைக்கு மதகுக் கல்லே பெயர்ந்துவிட்டது. தீபத்தன்று நான் திருவண்ணாமலையில் முன்வரிசையில் உட்கார்ந்து மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஏரி ஓசையில்லாமல் காலியாகிக்கொண்டிருந்தது. மார்கழி மாதம், கதிர் பால் பிடிக்கும் நேரத்தில், வயலுக்கு ஒரு மடை தண்ணீர் இல்லை.

அடுத்த வயல்காரர் தனபால் என் பங்காளி, என்னைவிட இளையவர். கருகின நெல்லில் மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு வரப்பில் நின்றார். அவருக்கு அந்த ஒரு வயல்தான். நான் வெள்ளைச் சட்டையோடு அவர் எதிரில் போய் நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் என் வயல் பக்கம் கையை நீட்டினார்.

"உங்களுதும் சேர்ந்துதான காஞ்சிருக்குதுணா. அதான் திட்ட வாய் வரல."

தோற்றதும் நடந்தது

அடுத்த தேர்தல் வரை மதகு பரிசீலனையிலேயே கிடந்தது. அந்தத் தேர்தலில் எங்கள் ஊர் ஓட்டே எனக்கு விழவில்லை. நானாக இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன். அந்தக் கோடையில் தண்டோராச் சத்தம் கேட்டதும் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன். குப்பம்மாள் மம்பட்டியை எடுத்துக் கையில் கொடுத்தாள். கரையில் வீட்டுக்கு ஒரு ஆள் நின்றார்கள். யாரும் என்னை வா என்று கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை. களிமண் குழியில் கொஞ்சம் தள்ளி நின்று இடம் விட்டார்கள். பெயர்ந்த கல்லை நிமிர்த்தி வைத்து, மிதித்து, பூசி, மூன்றே நாளில் முடித்தோம். எந்த ஆபீசும் வந்து தடுக்கவில்லை. தனபால் கைச்சேற்றை வழித்து எறிந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க மொதல்லயே தோத்திருந்தீங்கன்னா, எங்க நெல்லு பொழச்சிருக்கும்ணா."

அந்த மழைக்கு ஏரி நிறைந்தது, மதகு சொட்டவில்லை, தையில் எல்லோரும் அறுத்தோம். களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தபோது என் பெயருக்கு ஒரு சர்க்கார் கடிதம் வந்தது: தாங்கள் மனுச் செய்த மதகு பார்வையிடப்பட்டது, ஒழுகல் ஏதும் காணப்படவில்லை, மனு முடித்துவைக்கப்படுகிறது.

நாலரை வருஷத்தில் நான் கொடுத்த மனுக்களில் சர்க்கார் முழுசாகத் தீர்த்துவைத்தது அது ஒன்றைத்தான்.