நாற்பத்தொன்பதாவது பல்

ஒன்பது வயதில் நான் ஒரு விமான எஞ்சினைக் கெடுத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன்.

அப்போது அமீரகத்தில், அல் ஐனில் இருந்தோம். அம்மா ஒரு கிளினிக்கில் நர்ஸ். அப்பா ஓர் அரபி முதலாளியின் ஷெட்டில் மெக்கானிக். பழைய கார்களாக வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்த அந்த மனிதருக்கு என்ன தோன்றியதோ, மனிதன் பறக்கத் தொடங்கிய காலத்து எஞ்சின் ஒன்றை வாங்கி வந்துவிட்டார். அதை ஓட வைத்தால் அப்பாவுக்கு விசா புதுப்பிப்பார்கள், இல்லையென்றால் ஊருக்குப் போக வேண்டியதுதான். இது வீட்டில் எனக்கும் தெரியும்.

எஞ்சின் வேகமாகச் சுற்றும். முன்னால் இருக்கும் விசிறியோ மெதுவாகச் சுற்ற வேண்டும். நடுவில் ஒரு சின்னப் பல்சக்கரமும் ஒரு பெரிய பல்சக்கரமும் அந்த வேகத்தைக் குறைக்கும். எஞ்சினோடு வந்த பெட்டியில் பெரிய சக்கரம் மட்டும் இரண்டு இருந்தன. பார்வைக்கு ஒன்றேதான். ஒன்றுக்கு நாற்பத்தெட்டு பல், பின்னால் திருத்திச் செய்த மற்றதற்கு நாற்பத்தொன்பது. எங்கள் எஞ்சினில் இருந்த சின்னச் சக்கரத்தோடு பொருந்துவது திருத்தியதுதான்.

"மொத டிசைன்ல ஒரு பல்லு சுத்துக்குச் சுத்து அதே பல்லுலதான் மோதும் மக்கா. ஒண்ணு கெட்டா அதுக்க சோடியும் கெட்டுப்போவும்," என்றார் அப்பா. "பொறவு ஒரு பல்லு கூட்டிப் போட்டானுவ. இப்போ எல்லாம் மாறி மாறி மோதும். ஒருத்தனே அடி வாங்காண்டாம்."

ஷெட்டில் எண்ணாமல் சக்கரங்களை ஏன் வீட்டுக்குக் கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை. அம்மாவுக்கு அன்று மாலை டியூட்டி. "ஒனக்குத்தான் கூரான கண்ணு, நீ எண்ணு," என்று அப்பா சொன்னதில் எனக்குத் தலை கால் புரியவில்லை. அம்மா வெள்ளிக்கிழமை கோயிலுக்கு மட்டும் போடும் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து ஒரு சக்கரத்தின் பல்லொன்றில் புள்ளி வைத்து ஆரம்பித்தேன். முப்பது சொச்சத்தில் பக்கத்து பிளாட் தோழி சைக்கிளோடு வந்து பெல் அடித்தாள். எண்ணிக்கை விட்டுப்போனது.

"நாப்பத்தொம்பது," என்றேன்.

"இன்னொரு மட்டம் எண்ணுதியா?"

"எண்ணியாச்சுப்பா."

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து அம்மா கார் ஓட்ட, மூவரும் ஷெட்டுக்குப் போனோம். அப்பா கார் ஓட்டுவதை விட்டு ஒரு வருடமாகியிருந்தது. தலைவலி என்று காரணம் சொல்லியிருந்தார்கள். எஞ்சின் ஒரு நிமிடம் அழகாக ஓடியது. முதலாளி கைதட்டினார். பிறகு கல்லை அரைப்பதுபோல் ஒரு சத்தம் வந்து நின்றுவிட்டது. திறந்தால், சிவப்புப் புள்ளி வைத்த சக்கரத்தில் பல் பாதி உதிர்ந்திருந்தது.

ஷெட் மேனேஜர் உடைந்த பற்களின் அடிகளையும் சேர்த்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். நாற்பத்தெட்டு.

"யே கிஸ்னே கினா?" எண்ணியது யார் என்று கேட்டார்.

அப்பா என் பக்கம் திரும்பவேயில்லை. "மேனே, பாய்," நான்தான் என்றார். முதலாளி "கலாஸ்", முடிந்தது என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடியில் விரல் வலித்தது. நான் முழுதாக எண்ணவில்லை என்று அப்பாவிடம் அன்றும் சொல்லவில்லை, அவர் சாகும்வரை சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் தாங்க முடிவதில்லை.

சர்க்கரை வியாதி அப்பாவின் கண்ணைத் தின்றுகொண்டிருந்ததும், ஷெட்டில் தெரியாமல் அவரும் அம்மாவும் அதை மறைத்து வந்ததும் எனக்குப் பதினைந்து வயதில்தான் தெரிந்தது.

எஞ்சின் கெட்ட அடுத்த மாதம் அவரை ஊருக்கு விமானம் ஏற்றப் போனோம். ஏர்போர்ட்டில் அப்பா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தார். நாலு பேர் முன்னால் அவர் அம்மாவைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அம்மா அவ்வப்போது அவர் காதருகே, "ரெண்டு படி இருக்கு... இப்போ சமதரைதான்," என்று முணுமுணுத்தாள். பிரியப்போகிறவர்கள் கொஞ்சிக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வெட்கப்பட்டு, இரண்டடி தள்ளியே நடந்தேன்.