வெட்டாமல் விட்ட நிரை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பத்து வீடு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தகரக்கூரை. முதல் வீட்டுக்காரர் இருமினால் மூன்றாம் வீட்டில் தூக்கம் கெடும். ஒவ்வொரு வீட்டிலும் அடுப்புக்கு மேலே பரண் மாதிரி இருக்கும் அட்டலில் கூரைக்கு முட்டும்வரை மிலாறு அடுக்கியிருக்கும். செடி மறுபடி துளிர்க்க அடியை விட்டுக் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள்தான் மிலாறு, எங்கள் அடுப்புக்கு அதுதான் விறகு. ஆகவே ஒரு வீட்டுக் கூரையில் நெருப்பு ஏறினால், பத்து வீட்டுக்காரர்களும் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

லயத்துக்குப் பின்னால் மேடு முழுவதும் மானாப்புல். தை, மாசி வெயிலில் அது காய்ந்து, ஒரு பீடித் துண்டு விழட்டும் என்று காத்துக் கிடக்கும். போன வருடம் எதிர் மலையில் பற்றிய நெருப்பில் ஒரு மாட்டுப்பட்டி சாம்பலானது. அதனால் இந்த முறை காலைப் பெரட்டில் வேலை பிரிக்கும்போதே தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கையா சொல்லிவிட்டார்.

"லயத்துக்குப் பின்னால புல்ல அடியோட வெட்டி வாரிப் போடுங்க. பத்துனதுக்கு அப்புறம் என்னையத் தேடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை இறங்கினோம். ஆண்கள் கத்தி தீட்டித் தந்ததோடு கடமை முடிந்தது என்று கிரிக்கெட் பார்க்க மைதானத்துக்குப் போய்விட்டார்கள். மிச்சம் நாங்கள்தான். கொழுந்து பறிக்கிற மலையில் செய்கிற மாதிரியே ஆளுக்கொரு நிரை என்று பிரித்துக்கொண்டோம். அவரவர் வீட்டுக்குப் பின்னால், கூரை விளிம்பிலிருந்து மேலே பாறைவரை அவரவர் நிரை. மலையில் அடுத்தவர் நிரையில் கை வைத்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அன்று கொழுந்தை விட முடிதான் அதிகமாகப் பறிபடும்.

என் பக்கத்து வீட்டு அக்கா அன்று ஊரில் இல்லை. மஸ்கெலியாவில் அவருடைய தம்பி மகளுக்குச் சடங்கு. இரண்டு வருடமாக எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் ஒரு கோழி. அது என் லீக்ஸ் பாத்தியைக் கிளறியது, நான் கல்லெறிந்தேன், அது நொண்டியானது. அன்றிலிருந்து அவர் எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் கோழியிடம் சொல்வார். நான் பதிலை என் சட்டி பானையிடம் சொல்வேன். நடுவில் ஒரு சுவர்தான், எல்லாம் சுத்தமாகக் கேட்கும்.

"அந்த அக்கா நெரையையும் சேத்து வெட்டிருவோமா?" என்று கடைசி வீட்டுப் பெண் கேட்டாள்.

"ஒருத்தரும் கை வைக்காதீங்க. வந்து நாலு வீட்டுக்குக் கேக்குற மாதிரி கத்துவாங்க. யாரு வாங்கிக் கட்டிக்கிறது?" என்றேன். சொன்னது நான்தான். எனக்கு மூக்குமேல் கோபம், அதுவும் நாள்பட்ட கோபம். எல்லோரும் சரியென்று தலையாட்டினார்கள்.

வெட்ட வெட்ட புல்லுக்குள்ளிருந்து என்னென்னவோ கிளம்பி வந்தது. காணாமல் போன டெனிஸ் பந்து ஏழு, யாருடையதோ ஒற்றைச் செருப்பு, ஐந்தாம் வீட்டு அண்ணன் குடிப்பதை விட்டுவிட்டதாகச் சாமி முன்னால் சத்தியம் செய்த பிறகு காலியாக்கிய போத்தல்கள் ஒரு வரிசை. அவர் சம்சாரம் போத்தல்களை எடுத்து வாசலில் அழகாக அடுக்கி வைத்தாள். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது.

பத்து மணிக்குச் சாயத்தண்ணி குடித்துவிட்டு யாரோ ஒருத்தி, கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை விரித்து, வெட்டிப் போட்ட புல்மேல் உட்கார்ந்து சறுக்கினாள். காய்ந்த மானாப்புல் எண்ணெய் தடவியது போல வழுக்கும். அப்புறம் யாரைப் பிடித்து நிறுத்துவது? பேத்தி எடுத்தவர்கூட "அய்யோ அய்யோ" என்று கத்திக்கொண்டே வந்து கீழே தண்ணீர் ஓடும் கானில் விழுந்தார். நான் மூன்று முறை சறுக்கினேன். மூன்றாவது முறை பாவாடை கிழிந்தது, கவலையே இல்லை. புல்லை வாரிப் பள்ளத்தில் தள்ளி முடித்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. மேடு மொட்டையடித்த தலையாகத் தெரிந்தது, நடுவில் ஒரே ஒரு குடுமி மட்டும் நின்றது. அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தோம்.

அப்போதுதான் மேலே பைனஸ் மரக் காட்டோரம் புகை தெரிந்தது. காற்று எங்கள் பக்கம் அடித்தது.

சிரிப்பு அப்படியே நின்றது. ஒன்பது நிரை மொட்டை, அங்கே நெருப்புக்குத் தீனி இல்லை. ஆனால் அந்தக் குடுமி, பாறையிலிருந்து நேராக அக்காவின் கூரைவரை இறங்கியது. அக்காவின் கூரை என்றால் எங்கள் எல்லோரின் கூரை. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அது காலையிலேயே போயிருக்கும். பயத்தைவிட எனக்கு வெட்கம்தான் அதிகமாக இருந்தது. கத்தியைத் தூக்கிக்கொண்டு அந்த நிரைக்குள் பாய்ந்தேன். மற்றவர்கள் சாக்குகளை நனைக்கத் தண்ணீர் விழும் பீலிக்கு ஓடினார்கள்.

பாதி வெட்டியிருப்பேன். கீழே பஸ்ஸை விட்டு இறங்கி அக்கா வந்துகொண்டிருந்தார். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, கையில் பலகாரப் பை. மேலே நெருப்பு, நடுவில் அவருடைய நிரையில் நான். அவர் நெருப்பைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். பிறகு கூரையடியில் நின்ற நொண்டிக் கோழியிடம் திரும்பினார்.

"யாரு நெரையில யாரு நிக்கிறாங்கன்னு பார்த்தியா?"

"கத்தியே, நீ வேலையப் பாரு," என்றேன் நான். "நெருப்பு யாரு நெரைன்னு கேட்டுக்கிட்டு வராது."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். பலகாரப் பை ஒரு பக்கம் போனது. பட்டுச்சேலையை முழங்காலுக்குமேல் தூக்கிச் செருகி, வாசலில் கிடந்த விறகுக் கத்தியோடு என்னைத் தாண்டி மேலே ஏறிப் பாறையடியிலிருந்து வெட்ட ஆரம்பித்தார். நான் கீழே, அவர் மேலே. நெருப்பு சடசடவென்று பாறைக்கு வந்துவிட்டது. பொறியொன்று பறந்து அவர் முதுகில் விழுந்ததைப் பார்த்தேன்.

"அக்கா, முந்தானை," என்று கத்தினேன்.

சொன்னபிறகுதான் நேராகப் பேசிவிட்டேன் என்று தெரிந்தது. கடைசி வீட்டுப் பெண் ஈரச்சாக்கால் அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டாள். பட்டில் ஐந்து சதக் காசு அளவுக்கு ஓட்டை, அவ்வளவுதான். வெட்டிய இடத்தோரம் நெருப்பு கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் அலைந்தது. நாங்கள் சாக்கால் அடித்தோம். தின்ன ஒன்றும் இல்லாமல் அது அடங்கியது.

எல்லாம் முடிந்தபிறகு ஆண்கள் வாளிகளோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் எங்களுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கரி பூசிய முகத்தோடு தரையில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தோம். ஐந்தாம் வீட்டு அண்ணன் மட்டும் தன் வாசலைப் பார்த்துவிட்டு அசையாமல் நின்றார்.

அக்கா சிரிக்கவில்லை. தன் நிரையை மேலிருந்து கீழே பார்த்தபடி இறங்கி வந்தார். நான் வெட்டிய இடத்தில் நின்று, நான்கு விரல் உயரத்துக்கு நின்ற தட்டைகளைக் காலால் தட்டினார். கோழி பக்கத்தில்தான் நின்றது. அவர் கோழியைப் பார்க்கவில்லை.

"அடிய ஒட்ட வெட்டலயே, தங்கச்சி. இது என்ன, கவ்வாத்தா?"

வேறு நாளாக இருந்தால் நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்திருக்கும். அன்று கத்தியை எடுத்துக் குனிந்து, அவர் காலடியிலிருந்தே தொடங்கி அடியை ஒட்டி வெட்டினேன்.